சம்பளம் இல்லாத ஆட்டக்காரருக்கே வலிமை அதிகம் தேவை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் ‘குரோக் பார்க்’ என்ற விளையாட்டரங்கம் இருக்கிறது. அதில் 82,000க்கும் அதிகமானோர் அமரலாம். நமது தேசிய விளையாட்டரங்கில் அமரக்கூடியவர்கள் 55,000 பேர்தான். ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் கேலிக் காற்பந்து இறுதியாட்டத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் ரசிகர்கள் திரள்கிறார்கள். ஆனால், திடலில் இறங்கும் ஆட்டக்காரர்களில் ஒருவருக்குக்கூடச் சம்பளம் கிடையாது. அவர்கள் ஆசிரியர்கள், விவசாயிகள், பல்கலைக்கழக மாணவர்கள். ஆட்டம் முடிந்ததும் வகுப்புக்கோ வேலைக்கோ திரும்ப வேண்டியவர்கள்.

கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884ல் தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை அது சம்பளமில்லா ஆட்டமாகவே இருந்து வருகிறது. அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் எடுத்துச் செல்லலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால், நான்கு எட்டுக்குமேல் பந்தை அப்படியே கையில் வைத்து ஓட முடியாது. தரையில் தட்டவேண்டும் அல்லது பாதத்தால் தட்டித் திரும்பக் கையில் பிடிக்க வேண்டும். எதிரணியினரைத் தோளோடு தோள் மோதித் தள்ள விதி இடம் தருகிறது. திடலோ நாம் பார்க்கும் காற்பந்துத் திடலைவிட மிகப் பெரியது, குறைந்தது 130 மீட்டர் நீளம். ஓட்டம், தாவல், மோதல், திடீர்த் திருப்பம் எல்லாமே அதில் உண்டு. சிங்கப்பூரிலும் ‘சிங்கப்பூர் கேலிக் லயன்ஸ்’ என்ற மன்றம் இந்த ஆட்டத்தை ஆடி வருகிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நான் கிளமெண்டியில் வசிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. வார இறுதியில் தோழிகளோடு காற்பந்து ஆடுகிறேன். எங்களுக்கும் சம்பளம் கிடையாது. உங்களில் பலரும் அப்படித்தான். இணைப்பாட நடவடிக்கையாகவோ, புளோக்கின் அருகிலுள்ள கூடத்தில் நண்பர்களோடு சேர்ந்தோ காற்பந்து, கூடைப்பந்து, வலைப்பந்து, பூப்பந்து, கபடி, சிலம்பம் என்று ஏதோ ஒன்றை விளையாடுகிறோம். “நாம் என்ன தொழில்முறை ஆட்டக்காரர்களா? நமக்கு எதற்கு எடை தூக்கும் பயிற்சி?” என்ற கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். என் கருத்து இதற்கு நேரெதிர். தொழில்முறை ஆட்டக்காரரைவிட நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வலிமைப் பயிற்சி அதிகம் தேவை.

காயம் பட்டால் யார் பார்ப்பார்கள்?

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டால், அவருக்கென்று மருத்துவர், இயன்முறைச் சிகிச்சையாளர், மீட்புத் திட்டம் எல்லாம் தயாராக இருக்கும். குணமாவதே அப்போது அவருடைய வேலை. அதற்குச் சம்பளமும் வரும். நமக்கு அடிபட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலை கிளமெண்டி பெருவிரைவு ரயில் நிலையத்தின் படிகளில் நாம்தான் நொண்டிக்கொண்டு ஏறவேண்டும். ஒப்படைப்புக்கான தேதி தள்ளிப் போகாது. பகுதிநேர வேலையில் விடுப்பு எடுத்தால் வருமானம் போகும். தேர்வு நெருங்கும் நேரமென்றால் இன்னும் மோசம்.

என் குழுத்தோழி ஒருத்திக்கு முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார், அதாவது ‘ஏசிஎல்’ கிழிந்தது. யாரும் அவள்மேல் மோதவில்லை. ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள், அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதங்கள் கழித்தே மீண்டும் ஆட நினைக்கலாம் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஒன்பது மாதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு. அவள் இன்னும் திடலுக்குத் திரும்பவில்லை. விளையாட்டை இழந்ததைவிட, மாலை நேரத்து நட்பு வட்டத்தை இழந்ததுதான் தனக்குப் பெரிய வலி என்று ஒருநாள் சொன்னாள்.

இத்தகைய காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்படுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, “பெண் பிள்ளைக்கு எதுக்கு இந்த எடை தூக்குற வேலை?” என்று கேட்கும் வீடுகளில்தான் இந்தப் பயிற்சி முதலில் தொடங்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

காயத்தை முழுமையாகத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால், வெகுவாகக் குறைக்க முடியும்.

அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் ‘ஃபிஃபா 11+’ என்ற தயார்நிலைப் பயிற்சியை உருவாக்கியது. மெதுவோட்டம், வலிமை மற்றும் சமநிலை, வேக ஓட்டம் என மூன்று பகுதிகள். மொத்தம் 20 நிமிடங்கள். திடல் ஒன்றும் பந்து ஒன்றும் இருந்தால் போதும். நார்வேயில் 125 மன்றங்களைச் சேர்ந்த, 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் ஆட்டக்காரர்களிடம் இது சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2008ல் வெளியாயின. பயிற்சியைச் செய்த மன்றங்களில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகவே இருந்தன. அந்த 1,892 பேரும் நம் வயதுப் பெண்கள் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் 25 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 26,610 பேரின் தரவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். வெறும் தசை நீட்டல் பயிற்சியால் காயங்கள் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வலிமைப் பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டு வந்தது. அந்த 25 ஆய்வுகளில் வலிமைப் பயிற்சியை மட்டும் சோதித்தவை சிலவே என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், ஆட்டத்துக்குமுன் குனிந்து கால்விரலைத் தொட்டுவிட்டு “நான் தயார்” என்று சொல்லும் நம் பழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இதுவே போதும்.

கேலிக் காற்பந்தில் மிக அதிகமாக ஏற்படும் காயம் தொடையின் பின்தசைக் கிழிசல். அதனால், அந்தச் சங்கம் ‘ஜிஏஏ 15’ என்ற தயார்நிலைப் பயிற்சியை ஊர் மன்றங்கள் வரை கொண்டு சென்றது. பின்தசையை வலுப்படுத்த ‘நார்டிக்’ பயிற்சி பல ஆட்டங்களில் பயன்படுகிறது. முழங்காலிட்டு அமர வேண்டும். நண்பர் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். பார்க்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தசைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன.

தேர்வு வேறு, பயிற்சி வேறு

“பள்ளியில்தான் நாஃபா இருக்கிறதே!” என்று நீங்கள் கேட்கலாம். நாஃபா தேர்வில் ஆறு அங்கங்கள் உள்ளன. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை படுத்தெழுகிறோம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாவுகிறோம், கம்பியில் எத்தனை முறை உடலைத் தூக்குகிறோம் என்றெல்லாம் அது அளக்கிறது. அளப்பது நல்லதுதான். ஆனால், அளவுகோல் யாரையும் உயரமாக்குவதில்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கம்பியில் தொங்கத் தொடங்குவதும், தேர்வு முடிந்ததும் அந்தக் கம்பியை மறந்துவிடுவதும் நம்மில் பலரின் வழக்கம். கணிதத் தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் படிப்பவர் கணிதம் கற்றவர் ஆகமாட்டார். உடலுக்கும் அதே கணக்குத்தான்.

இணைப்பாட நடவடிக்கைகளிலும் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும்போது பயிற்சி நேரம் முழுவதும் ஆட்ட உத்திகளுக்கும் பயிற்சி ஆட்டங்களுக்கும் போய்விடுகிறது. பயிற்றுநர்களைக் குறை சொல்லவில்லை. வாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம். அதற்குள் வெற்றியைக் காட்ட வேண்டிய அழுத்தமும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனாலும், ஒவ்வொரு பயிற்சியின் முதல் 20 நிமிடத்தை வலிமைக்கும் சமநிலைக்கும் ஒதுக்குவது எல்லாப் பள்ளிகளிலும் கட்டாய நடைமுறை ஆகவேண்டும் என்பது என் கோரிக்கை. அந்த 20 நிமிடத்தை இழப்பதால் ஓர் ஆட்டம் தோற்கலாம். அதை ஒதுக்காததால் ஓர் ஆட்டக்காரரையே இழக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்குவதோடு, வாரத்தில் குறைந்தது மூன்று நாள்கள் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் நடவடிக்கைகளில் ஈடுபட வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் சொன்னதல்ல இது. எல்லாருக்கும் சொன்னது.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

நம் வீடுகளில் இதற்கு மூன்று எதிர்ப்புகள் வரும்.

முதலாவது, “இந்த வயசுல எடை தூக்கினா வளர்த்தி நின்னுடும்.” என் அம்மாவும் இதைச் சொன்னார். முறையான மேற்பார்வையில் சரியான முறைப்படி செய்யும் வலிமைப் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆபத்து எடையில் இல்லை. கற்றுக்கொள்ளாமல், கண்காணிப்பின்றி, நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அளவுக்கு மீறித் தூக்குவதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, “பொண்ணு பையன் மாதிரி ஆயிடுவா.” வாரத்தில் இரண்டு நாள் செய்யும் பயிற்சியால் யாருக்கும் மல்யுத்த வீரரின் தோள்கள் வந்துவிடாது. அப்படியே தோள் கொஞ்சம் அகலமானால்தான் என்ன? 2023ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி பெரேரா 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1974க்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அன்று நம் வீடுகளில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவருடைய தசைகளைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெருமிதத்தில் கொஞ்சத்தை நம் வீட்டுப் பெண்ணுக்கும் கொடுக்கலாமே!

மூன்றாவது, “இதெல்லாம் நம்ம பழக்கம் இல்ல.” உண்மையில், நம்மிடம் இல்லாத பழக்கமா இது? தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம்முடையவை. தமிழக ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டுவது இளையரின் வீரத்துக்கு அடையாளமாக இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்தின் வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. அதில் பெண்களும் கல்லைத் தூக்குகிறார்கள். வியப்பு என்னவென்றால், கேலிக் காற்பந்து பிறந்த அயர்லாந்தின் கிராமங்களிலும் இதேபோல் தூக்குகற்கள் இருந்தன. சிங்கப்பூருக்கு வாருங்கள். நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் எந்த விளையாட்டில் கிடைத்தது? 1960ல் ரோம் நகரில் டான் ஹாவ் லியாங் பளுதூக்குதலில் வென்ற வெள்ளிப் பதக்கம் அது. அடுத்த பதக்கத்துக்கு 2008 வரை நாம் காத்திருந்தோம்.

எங்கே, எப்படித் தொடங்குவது?

பணம் ஒரு தடையே அல்ல என்று சொல்ல மாட்டேன். தனியார் உடற்பயிற்சிக்கூடங்களின் மாதக் கட்டணம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால், நம்மைச் சுற்றிப் பாருங்கள். கிளமெண்டியில் பல புளோக்குகளின் அருகே உடற்பயிற்சி மூலைகள் உள்ளன. காலையில் தாத்தா பாட்டிகள் பயன்படுத்தும் அதே கம்பிகள் மாலையில் நமக்காகக் காத்திருக்கின்றன. ‘ஆக்டிவ்எஸ்ஜி’ உடற்பயிற்சிக்கூடங்கள் தீவு முழுவதும் உள்ளன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வளாகத்துக்குள்ளேயே வசதி இருக்கிறது.

தொடங்குவோருக்கு ஆறு அசைவுகள் போதும். உட்கார்ந்து எழுதல், இடுப்பை மடக்கிக் குனிந்து பாரத்தை எடுத்தல், தரையிலிருந்து உடலைத் தள்ளுதல், கம்பியைப் பற்றி இழுத்தல், ஒற்றைக் காலில் முன்னெட்டு வைத்துத் தாழ்தல், முழங்கையூன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல். இவற்றோடு நார்டிக் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள். ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று. எடை வேண்டுமென்றால் ஐந்து கிலோ அரிசி மூட்டையோ பாடநூல்கள் நிறைந்த பையோ போதும். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். உடலமைப்பு குலையாமல் செய்ய முடிந்த பிறகே எடையைக் கூட்டுங்கள். ஆட்டத்துக்கு முந்திய நாள் கடும் பயிற்சி வேண்டாம். முதல் சில வாரங்கள் பயிற்றுநரோ உடற்கல்வி ஆசிரியரோ பார்த்துத் திருத்துவது மிக முக்கியம். ஏற்கெனவே காயமோ நோயோ இருப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமூக ஊடகத்தில் வரும் உடல்களைப் பார்த்து இதைத் தொடங்காதீர்கள். கண்ணாடியில் தெரியும் கைத்தசைகள் ஓடும்போது முழங்காலைக் காப்பாற்றாது. விலை உயர்ந்த புரதத்தூள் இல்லாமல் வலிமை வராது என்பதும் விளம்பரப் பேச்சு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, தயிர், கோழி, மீன், தவ்வு, டெம்பே எல்லாம் நம் உணவங்காடிகளிலேயே கிடைக்கின்றன. குறுக்குவழியாக ஊக்கமருந்தை நாடுவது உடலையும் எதிர்காலத்தையும் சேர்த்தே கெடுக்கும்.

அயர்லாந்திடமிருந்து நாம் கற்கக்கூடாத பாடமும் ஒன்று உண்டு. அந்நாட்டின் பொருளியல், சமூக ஆய்வுக் கழகம் 2018ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வட்டார அணிகளுக்காக ஆடும் மூத்த ஆட்டக்காரர்கள் வாரத்தில் 31 மணி நேரம் வரை விளையாட்டுக்காகவே செலவிடுகிறார்கள். சம்பளமில்லாத ஆட்டம் இன்னொரு முழுநேர வேலையாகிவிட்டது. தூக்கமும் குடும்பமும் படிப்பும் அதற்கு விலையாகின்றன. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் அக்கறையை. அவர்களின் 31 மணி நேரத்தை அல்ல. வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம் என்று வைத்தால்கூட ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். கைப்பேசியில் நாம் தொலைக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்மில் பெரும்பாலோர் தேசிய அணிக்கு ஆடப்போவதில்லை. அதனால் என்ன? பள்ளி முடிந்ததும், தேசிய சேவை முடிந்ததும், வேலையில் சேர்ந்ததும் ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டு விலகுவதைப் பார்க்கிறோம். நேரமில்லை என்பார்கள் சிலர். முழங்கால் வலி என்பார்கள் வேறு சிலர். அந்த இரண்டாவது காரணத்தையாவது இப்போதே நம்மால் குறைக்க முடியும். பரிசுக்காக அல்லாமல் பிடித்ததற்காக மட்டுமே ஆடுபவருக்கு, நாற்பது வயதிலும் நண்பர்களோடு திடலில் இறங்க முடிவதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன இருக்க முடியும்?

அடுத்த பயிற்சி நாளில் பத்து நிமிடம் முன்னதாகப் போய், உங்கள் பயிற்றுநரிடம் கேளுங்கள்: “இன்று முதல் 20 நிமிடம் இதற்காக ஒதுக்கலாமா?” ஒருவர் கேட்டால் தயங்கலாம். அணியே சேர்ந்து கேட்டால் மறுக்கமாட்டார்.